பத்தாவது மூளைக்கட்டி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 'அப்பர்' எனும் மேல்தோல் தைக்கும் ஜீவாவுக்கு முப்பத்து மூன்றாவது வயதில் தலைக்குள் கட்டி வந்தது. அது விதிமுறைகளுக்குப் புறம்பானது என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

முதலில் தெரிந்தது அவளுடைய தையலுக்குத்தான். பதினோரு வருடமாக ஓரத்திலிருந்து ஒரே அளவு விட்டு நூல் பிடித்த மாதிரி ஓடிய தையல், ஆவணியில் வலப்பக்கம் சாயத் தொடங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி கழிந்தது. பிறகு ஆறு.

"இன்னா ஜீவா, தையல் தள்ளாடிக்கினு நடக்குது?" என்றார் சூப்பர்வைசர் சமீருல்லா.

வெளிச்சம் போதவில்லை என்று அவள் சொன்னாள். டியூப் லைட்டை மாற்றிக் கொடுத்தார்கள். அப்படியும் சரியாகவில்லை. காலையில் எழுந்தால் தலைவலி, பல் தேய்க்கும்போதே வாந்தி. தெருவில் இருந்த பெண்கள் விரலை மடக்கி நாள் எண்ணினார்கள். அவளே ஒரு நாள் மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கிப் பார்த்துவிட்டு, இல்லை என்று கோபியிடம் சொன்னாள். அப்புறம் ஒரு மத்தியானம் இடது கண்ணில் தூசி விழுந்தது. அதை மூடிக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே நின்ற சமீருல்லாவுக்குப் பாதி முகம்தான் இருந்தது.

"மெஷினை நிறுத்தும்மா," என்றார் அவர். "லீவு நான் போட்டுக்கறேன். நாளைக்கே வேலூர் போ."

கோபி, ஜீவாவின் புருஷன். டேனரியில் தோல் ஊறும் டிரம்மைப் பார்த்துக்கொள்பவன். அவனும் லீவு போட்டான். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் டாக்டர் நிஷா படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மூளை. வலது கண்ணுக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று, நெல்லிக்காய் அளவில்.

"இது மூளைக்குள்ள முளைச்சது இல்ல. மூளையைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கு, அதுல வளர்றது. பெரும்பாலும் புத்துநோயா இருக்காது. ஆனா உக்காந்திருக்கிற எடம் சரியில்ல. வலது கண்ணு நரம்பை நசுக்குது. விட்டா இடது பக்கத்தையும் புடிச்சுக்கும்."

கோபி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது நெறைய பேருக்கு வருதா டாக்டர்?"

"நெறையன்னு சொல்ல முடியாது. ஒரு லட்சம் பேர்ல வருஷத்துக்குப் பத்துப் பேரு, அதுக்குக் கொஞ்சம் முன்ன பின்ன. எந்தெந்தக் கட்டியைச் சேத்து எண்றாங்கன்றதைப் பொறுத்து மாறும். ஸ்கேன் எடுக்க வழியில்லாத ஊர்ல கணக்கு கம்மியாத்தான் இருக்கும். இந்த வகை ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்கு ஜாஸ்தி. வயசு ஏற ஏற ஜாஸ்தி. ஆனா சின்னக் கொழந்தைக்கும் மூளைக்கட்டி வரும். யாருக்கும் வராதுன்னு எழுதிக் குடுக்க முடியாது."

"கம்பெனியில பசை நாத்தம் ஜாஸ்தி, அதனாலயா?" என்று கேட்டாள் ஜீவா. "நான் இன்னா பண்ணேன், எனக்கு வந்துது?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. காரணம் தெரியாது."

அதிகாரமுள்ள நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு 'தெரியாது' என்று சொன்ன ஒருவரை அடுத்த எட்டு நாளில் ஜீவா வேறெங்கும் சந்திக்கவில்லை.

அடுத்த வார வியாழக்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் குறித்துக் கொடுத்தார். அதற்குள் வாரியத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

வாரியம் என்றால் பாலாறு மண்டலத் தோல் தொழிலாளர் சுகநல வாரியம். வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்று மாடிக் கட்டடம். பதினோரு வருடமாக ஜீவாவின் சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள். அதன் கடிதம் இல்லாமல் இப்படி ஒரு ஆபரேஷனை நினைத்துப் பார்க்க அந்தக் குடும்பத்துக்கு வழியில்லை. மறுநாள் வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கே இருவரும் போய் நின்றார்கள். சுவரில், 'நோயற்ற தொழிலாளியே எங்கள் பெருமை' என்று எழுதியிருந்தது. கீழே பெஞ்சுகளில் நோயுள்ள தொழிலாளிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

கவுண்டரில் இருந்தவர் விண்ணப்பத்தை வாங்கி, தடிமனான ஒரு பதிவேட்டைப் புரட்டினார்.

"மூளைக்கட்டியா? முடிஞ்சுபோச்சே."

"இன்னா சார் முடிஞ்சுபோச்சு?"

"இந்த வருஷத்துக்கு. மண்டலத்துல ஒரு லட்சத்து இருபதாயிரம் உறுப்பினர். எங்க அட்டவணைப்படி லட்சத்துக்கு ஏழரை. ஆகமொத்தம் ஒம்போது. ஒம்போதாவது ஆள் புரட்டாசியிலயே வந்துட்டாங்க. இனிமே ஏப்ரல்லதான் தெறப்பாங்க."

"சார், கண்ணு போவுது சார்."

"கண்ணுன்னா வேற படிவம். கண்புரை இருக்குது, எவ்ளோ வேணாலும் தரலாம். கிட்னிக் கல் இருக்குது. மூளைக்கட்டி ஸ்டாக் இல்லம்மா." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஏழு வருஷம் முன்னாடி வந்திருக்கலாம். ரெண்டு மீந்துபோச்சு. திருப்பி அனுப்பிட்டோம்."

கோபி நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் அவர், புள்ளியியல் அலுவலரைப் பாருங்கள் என்று மாடிக்குக் கை காட்டினார். புள்ளியியல் அலுவலர் அன்று லீவு.

வெள்ளிக்கிழமை அவர் இருந்தார். பெயர் சுந்தரமூர்த்தி. மேஜைமேல் கால்குலேட்டரைத் தவிர வேறொன்றும் இல்லை. ஜீவாவை உட்காரச் சொல்லி, அவள் வயதைக் கேட்டார். சொன்னாள். முகத்தைச் சுளித்தார்.

"முப்பத்து மூணா? நீங்க சொல்ற வகை அறுபதுக்கு மேல் உள்ளவங்களுக்கு வரது. உங்களுக்கு வரக் கூடாதே."

"வந்துடுச்சு சார்."

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்." அவர் ஒரு அட்டவணையை எடுத்து விரலை வைத்துக்கொண்டு போனார். "பெண்கள். முப்பதிலிருந்து முப்பத்தொன்பது. மண்டலத்தின் ஆண்டு எதிர்பார்ப்பு, பூஜ்யம் புள்ளி நான்கு. அதாவது உங்க வயசுல இந்த வருஷம் பூஜ்யம் புள்ளி நாலு பேருக்கு வரலாம். முழு ஆளுக்கு வர வாய்ப்பில்லை."

கோபிக்குப் புரியவில்லை. "அப்படின்னா சார்?"

"நான் ஈரமில்லாதவன் கிடையாது. உங்க மனைவியைப் பூஜ்யம் புள்ளி நாலு நோயாளியா ஏத்துக்கறேன். எழுதியே தரேன்."

"மீதி?"

"மீதி டென்ஷனா இருக்கலாம். பெண்கள் சரியா சாப்பிடறதில்ல."

எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை மேஜையில் ஜீவாவின் வலப்பக்கம் நீட்டினார். அவள் அசையவில்லை. அந்தப் பக்கம் தாள் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. சற்று நேரம் நீட்டியபடி இருந்துவிட்டு, 'மனுதாரர் ஆணையைப் பெற மறுத்தார்' என்று அதன் மேலேயே எழுதினார் சுந்தரமூர்த்தி.

"அவளுக்குத் தெரியல சார்! அந்தப் பக்கம் கண்ணு தெரியல!" என்று கோபி கத்தினான்.

"மறுத்தவங்க மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். திங்கள்கிழமை கூடும்."

சனியும் ஞாயிறும் ஜீவா வீட்டிலேயே இருந்தாள். அடுப்பில் பால் பொங்கியது தெரியாமல் பக்கத்தில் நின்றாள். கோபி பார்க்காத நேரத்தில் ஒரு கண்ணை மூடிக் காலண்டரைப் பார்த்தாள். முதல் நாள் தெரிந்த தேதி மறுநாள் தெரியவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் காலண்டரைப் பார்ப்பதை அவன் இரண்டு முறை பார்த்துவிட்டான். அவனும் சொல்லவில்லை.

திங்கள்கிழமை குழு கூடியது. நடுவில் மண்டல இயக்குநர் தணிகாசலம். இந்தப் பக்கம் சுந்தரமூர்த்தி. அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி. அது மருத்துவ உறுப்பினருக்கு உரியது, மூன்று வருடமாக நிரப்பப்படவில்லை. கோபி ஸ்கேன் படத்தை உறையிலிருந்து எடுத்தான்.

"உள்ளே வையுங்கள்," என்றார் தணிகாசலம். "படம் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபார்க்கத்தான் எங்களுக்கு அதிகாரம். படத்தைப் பார்க்க அதிகாரம் இல்லை." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். மேடையில் பேசிப் பழகிய குரல்.

"அம்மா, உங்களுக்கு நோய் இல்லை என்று வாரியம் சொல்லவில்லை. வாரியம் யாரையும் அப்படிப் புண்படுத்தாது. மூளைக்கட்டி அபூர்வமான நோய் என்று நாங்கள் துண்டுப் பிரசுரம் அச்சிட்டு ஊர் ஊராகக் கொடுத்திருக்கிறோம். மக்கள் நம்பி நிம்மதியாக இருக்கிறார்கள். ஆளாளுக்கு வந்து நின்றால் அது எப்படி அபூர்வம் ஆகும்? கடந்த ஆறு ஆண்டுகளாகக் கணிப்புக்கும் நடப்புக்கும் வித்தியாசமே இல்லாத ஒரே மண்டலம் இதுதான். தலைமையகத்தில் கேடயம் கொடுத்தார்கள். உங்கள் கணிப்பு மட்டும் எப்படிப் பலிக்கிறது என்று மற்ற மண்டலத்தார் கேட்டார்கள். நான் ஒளிக்கவில்லை. ஒன்பது பேருக்குமேல் நாங்கள் அனுமதி கொடுப்பதில்லை, அதனால் ஒன்பது பேருக்குமேல் நோய் வருவதில்லை என்று அந்த மேடையிலேயே சொன்னேன். கை தட்டினார்கள்."

சுந்தரமூர்த்தி தலையை ஆட்டினார்.

"வியாழக்கிழமை ஆபரேஷன் சார்," என்றாள் ஜீவா. குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. "நான் வேணும்னு வாங்கிக்கினு வரல சார் இதை."

தணிகாசலம் மனம் இளகினார். ஒரு வழி இருக்கிறது என்றார். அந்த ஒன்பது பேரில் யாராவது தன் இடத்தை விட்டுக்கொடுத்தால், அந்த இடம் காலியாகும். எட்டுப் பேருக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. அனுமதி வாங்கியும் இன்னும் செய்துகொள்ளாதவர் ஒரே ஒருவர். பூவம்மாள், அறுபத்தொன்று, பேரணாம்பட்டு.

"மிக நேர்த்தியான நோயாளி. பெண், அறுபதுக்கு மேல். அட்டவணையில் அப்படியே பொருந்துகிறார். அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்."

செவ்வாய்க்கிழமை இருவரும் ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு பஸ் ஏறினார்கள். பாதி வழியில் ஜீவா மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, அந்தம்மாவாண்ட இன்னான்னு கேக்கறது? உன் உசுரை எனக்குக் குடுன்னா?"

"கேக்க வேணாம். சும்மா பாத்துட்டு வருவோம்."

"சும்மா பாக்கவா நாப்பது நிமிஷம் போறோம்?"

இறங்கும்போது அவள் படியைத் தவறவிட்டாள். கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

பூவம்மாள் பேரணாம்பட்டில் ஒரு கையுறை கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் தைத்து ஓய்வு பெற்றவர். ஓட்டு வீடு, வாசலில் காயும் மிளகாய். வந்தவர்கள் வாரியத்தின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துப்போனது.

"நான்தான் சொன்னேனேம்மா, எனக்கு ஆபரேஷன் வேணாம்னு! எதுக்கு ஆளை அனுப்பறாங்க? என்னைப் புடிச்சுக்கினு போயிடுவீங்களா?"

ஜீவா பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, நாங்க ஆபீஸ் ஆளு இல்லம்மா. எனக்கும் கட்டிதான்."

பூவம்மாள் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கூடவே பிஸ்கட் டப்பா ஒன்று. அதற்குள் பதினான்கு கடிதங்கள்.

இரண்டு வருடம் முன்பு அவர் வழுக்கி விழுந்தபோது தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த வயதில் இதைத் தொட வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்று டாக்டர் சொன்னார். இந்தத் தடவை ஸ்கேனுக்குக் கடிதம் கேட்டு வாரியத்துக்குப் போனார். ஸ்கேனுக்குத் தனிப் படிவம் கிடையாதாம், ஆபரேஷனுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வாரம் ஒரு கடிதம். அனுமதியைப் பயன்படுத்தாதது ஏன்? வாரியத்தின் இலக்கு உங்களால் நிறைவேறாமல் நிற்கிறது. மாதக் கடைசிக்குள் அறுவை செய்துகொள்ளாவிட்டால் நடவடிக்கை எடுக்கப்படும்.

கோபி ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். நான்காவதுக்குமேல் அவனால் முடியவில்லை.

"மண்டையைத் தெறந்துக்கலன்னா ஜெயில்ல போடுவாங்களோன்னு எனக்குத் தூக்கமே இல்ல," என்றார் பூவம்மாள். "ஒரே பேஜார். உனக்கு ஒடனே பண்ணணும்னு சொல்லிட்டாங்களா?"

"நாளன்னிக்கி."

"அப்போ எனக்கு வேணாம், உனக்கு வேணும். இதுல யோசிக்க இன்னா இருக்குது? எங்க கையெழுத்து?" பேனாவை வாங்கியவர், எழுதாமல் கீழே வைத்தார். "இல்ல. பேப்பரைக் குடுத்தா பேப்பரைத் திருப்பி அனுப்புவாங்க. நானே வர்றேன்."

புதன்கிழமை காலை மூவரும் வாரியத்தில் இருந்தார்கள். சுந்தரமூர்த்தி பூவம்மாளின் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, கட்டி இல்லை என்ற சான்றிதழ் இருந்தால்தான் விலக முடியும் என்றார்.

"கட்டி இருக்குதே சார்."

"இருந்தா ஆபரேஷன் பண்ணிக்கணும்."

"டாக்டர் வேணாம்ன்றாரே."

"அப்ப இறப்புச் சான்றிதழ் இருந்தாலும் பரவாயில்ல."

சுந்தரமூர்த்தி கால்குலேட்டரைத் துடைத்தபடி இன்னொரு சிக்கலையும் சொன்னார். பூவம்மாள் விலகினாலும் காலியாவது அறுபதுக்கு மேற்பட்ட பெண்ணின் இடம். அதில் உட்கார ஜீவாவுக்கு இன்னும் இருபத்தேழு வருடம் பாக்கி.

"தோ பாரு," என்றார் பூவம்மாள். அவர் குரல் மாடிப்படி வழியாகக் கீழே கூடம்வரை போனது. "நல்லா இருக்கிற தலையைத் தெறன்னு எனக்குப் பதினாலு லெட்டர். கண்ணு அவிஞ்சுக்கினு இருக்கிற பொண்ணுக்கு எடம் இல்ல. எவன்டா போட்டது இந்தக் கணக்கு?"

சத்தம் கேட்டுத் தணிகாசலம் அறையிலிருந்து வந்தார். பிரச்சினை கூடத்துக்கு இறங்கியது. அவரும் இறங்கினார். பெஞ்சுகளில் இருந்த அறுபது எழுபது பேரைப் பார்த்ததும் அவர் குரல் தானாக உயர்ந்தது.

"யாரும் பதற்றப்பட வேண்டாம். மூளைக்கட்டி அபூர்வமான நோய். இந்த மண்டலம் முழுவதிலும் ஒன்பதே பேர்தான். இதோ இந்த அம்மா ஒருவர்தான் கூடுதலாக..."

பூவம்மாள் குறுக்கே பேசினார். "ஏம்பா, இதுக்காக வந்து திரும்பிப் போனவங்க இங்க வேற யாருனா இருக்கீங்களா?"

யாரும் அசையவில்லை. கோபி தலையைக் குனிந்துகொண்டான். அப்போது கதவோரம் ஒரு கை எழுந்தது. வாணியம்பாடியிலிருந்து வந்த நடுத்தர வயது ஆள். "எங்க அண்ணனுக்கு. மூணாவது வாட்டி வர்றேன்." அடுத்து பர்தாவுக்குள்ளிருந்து ஒரு கை, அதில் ஸ்கேன் உறை. பிறகு இன்னொன்று. ஏழு கைகள்.

சுந்தரமூர்த்தி அவசரமாகச் சொன்னார்: "கைகளைக் கீழே போடுங்க. கைக்கு விதியில எடம் இல்ல."

அந்த நேரத்தில் ஜீவா கோபியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, கரண்ட் போச்சா?"

அவன் அண்ணாந்து பார்த்தான். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எல்லா விளக்கும் எரிந்தது.

"இல்லையே."

"இந்தப் பக்கமும் இருட்டா வருதுங்க." இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

கோபி அவளைத் தூக்கிக்கொண்டான். அவசரம் என்றால் படிவம் இருபத்திரண்டு என்று யாரோ பின்னால் சொன்னார்கள். வாணியம்பாடிக்காரர் முன்னால் ஓடி ஆட்டோவை நிறுத்தினார். லாங் பஜாரில் தள்ளுவண்டிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டபோது, பூவம்மாள் இறங்கி முன்னால் நடந்து வண்டிக்காரர்களைத் திட்டியே வழி செய்தார். ஜீவா கோபியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். "பேசிக்கினே இருங்க," என்றாள். அவன் கடைப் பெயர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தான்.

டாக்டர் நிஷா கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்தார்.

"கடிதம் இன்னும் வரல டாக்டர்," என்றான் கோபி. குற்றம் செய்தவன் மாதிரி நின்றான்.

"கடிதம் அப்புறம் வரும். கண்ணு அப்புறம் வராது. கையெழுத்துப் போடுங்க."

மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பூவம்மாள் ஊருக்குப் போகவில்லை. கோபியின் பக்கத்து நாற்காலியில் பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கட்டி புற்றுநோய் இல்லை. இடது கண் தப்பியது. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது, டாக்டர் சட்டைப்பையில் இருந்த பேனா என்ன நிறம் என்று ஜீவா சரியாகச் சொன்னாள். வலது கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகிறது. போன வாரமே ஆபரேஷன் செய்திருந்தால் எப்படியிருக்கும் என்று கோபி கேட்டான். டாக்டர் அடுத்த செக்கப் தேதியை எழுதிக் கொடுத்தார்.

வாரியத்தின் அனுமதி ஒரு மாதம் கழித்து வந்தது. அவசர நிலையைக் கருத்தில் கொண்டு, அடுத்த ஆண்டுக் கணக்கில் 'ஆண், எழுபதுக்கு மேல்' என்ற பிரிவில் காலியாக இருந்த இடத்தில் மனுதாரர் சேர்க்கப்பட்டிருந்தார். வேலைக்குத் திரும்பத் தகுதிச் சான்றிதழ் கேட்டபோது, எழுபது வயது ஆணுக்கு ஓய்வு தேவை என்று மறுத்துவிட்டார்கள். சமீருல்லா அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நீ வந்து செக்கிங்ல உக்காரு, நான் பாத்துக்கறேன்," என்றார்.

அந்த ஏழு பேரை ஜீவாவால் மறக்க முடியவில்லை. வாணியம்பாடிக்காரரிடம் போன் நம்பர் இருந்தது. அவர் வழியாக ஒருவர், அவர் வழியாக இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீவா ஒரு நோட்டில் பெயர் எழுதத் தொடங்கினாள். பெயர், வயது, ஊர், என்ன வேலை, ஸ்கேன் எடுத்த தேதி, வாரியம் திருப்பி அனுப்பிய தேதி. வெறும் தலைவலியோடு வந்தவர்களை எழுதவில்லை. தலைவலியெல்லாம் கட்டி இல்லை, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினாள். கையில் ஸ்கேன் இருந்தவர்களை மட்டும் எழுதினாள். எழுபத்திரண்டு வயது வாட்ச்மேன் இருந்தார். பத்தொன்பது வயதில் சோல் ஒட்டும் பெண் இருந்தாள். டேனரி மானேஜர் ஒருவரும் இருந்தார், அவர் ஏ.சி. காரில் வந்து, தன் பெயரை மெதுவாகச் சொன்னார். தைக்குள் பெயர்கள் இருபத்திரண்டு ஆயின. வாணியம்பாடிக்காரரின் அண்ணன் மார்கழியில் இறந்துபோனார். அவர் பெயரை அடிக்காமல், பக்கத்தில் தேதியை மட்டும் எழுதினாள். அன்றைக்கு மேற்கொண்டு எழுத முடியவில்லை.

டாக்டர் நிஷாவின் கடிதத்தோடு அந்த நோட்டின் நகல் கலெக்டர் ஆபீசுக்கும், வாரியத்தின் தலைமையகத்துக்கும் போனது. ஒன்பதுக்குமேல் இருபத்திரண்டு எப்படி வந்தது என்று தலைமையகம் விளக்கம் கேட்டது. விளக்கம் தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம் என்று கலெக்டர் ஆபீஸ் சொன்னதில், நான்கு பேருக்கு ஆபரேஷன் நடந்தது. பூவம்மாளுக்குப் பதினைந்தாவது கடிதம் வரவில்லை.

தணிகாசலத்தின் விளக்கம் ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, அலுவலக உதவியாளர் கையில் நோட்டீஸாக ஜீவாவின் வீட்டுக்கே வந்தது. வந்தவர் கலீமுல்லா, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். கோபி வாய்விட்டுப் படித்தான்.

'கடந்த ஆறு ஆண்டுகளாக இம்மண்டலத்தில் மூளைக்கட்டி ஒன்பது என்ற அளவில் கட்டுக்குள் வைக்கப்பட்டிருந்தது. தாங்கள் நோட்டுப் புத்தகம் தொடங்கிய நாளிலிருந்து அதற்குமேல் இருபத்திரண்டு பெருகியுள்ளது. இரண்டுக்கும் உள்ள தொடர்பு புள்ளியியல் ரீதியாக உறுதி செய்யப்பட்டுள்ளது. நோய்ப் பரவலுக்குக் காரணமான தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்குப் பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

"இன்னொரு வாட்டி படிங்க," என்றாள் ஜீவா. அவன் படித்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும். நெற்றியைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோபியும் சிரித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வீட்டில் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

கலீமுல்லா சிரிக்கவில்லை. போகவும் இல்லை. செருப்பைப் பாதி மாட்டியபடி வாசலில் நின்றிருந்தார்.

"இன்னும் எங்கனா கையெழுத்துப் போடணுமாண்ணா?" என்று கேட்டாள் ஜீவா.

"இல்லம்மா." தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தபால் பைக்குள் கையை விட்டார். வாரியத்துத் தபால்களுக்கு அடியிலிருந்து ஒரு ஸ்கேன் உறை வெளியே வந்தது. "என் தங்கச்சி. நாப்பத்தோரு வயசு. எங்க ஆபீஸ்லயே கேட்டேன். ஏப்ரல்ல வரச் சொன்னாங்க."

ஜீவா தலையைத் திருப்பி, இடது கண்ணால் அவரை முழுசாகப் பார்த்தாள். நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினாள்.

"உள்ள வந்து உக்காருங்கண்ணா," என்றாள். "தங்கச்சி பேரு இன்னா?"